மார்கரெட் கேட்டியின் இயற்கை உவமைகள்

மார்கரெட் கேட்டி (1809–1873) இங்கிலாந்தைச் சேர்ந்த சிறார் எழுத்தாளர், கடற்பாசி ஆய்வாளர். யார்க்‌ஷயரின் எக்கிள்ஸ்ஃபீல்டு ஊரில் ஆங்கிலிக்கன் குருவானவராக இருந்த ஆல்ஃபிரட் கேட்டியின் மனைவி. உயிர்களின் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டிச் சிறுவர்களுக்குக் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கற்பிக்கும் ‘பேரபிள்ஸ் ஃப்ரம் நேச்சர்’ (இயற்கையிலிருந்து உவமைகள்) என்னும் கதைத் தொகுதிகளை எழுதினார். முதல் தொகுதி 1855-இலும், ஐந்தாவதும் இறுதியுமான தொகுதி 1871-இலும் வெளிவந்தன.

பின்னணி

அக்காலத்தில் இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. உடன்பிறந்தாரின் சாவைப் பார்த்தே பல சிறுவர்கள் வளர்ந்தனர். இறந்தவர் எங்கே போனார், ஏன் திரும்பி வரவில்லை என்று அவர்கள் கேட்டபோது பெரியவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது.

கதைகள்

முதல் தொகுதியிலுள்ள ஒரு கதையில், வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளைக் காக்கும் பொறுப்பு ஒரு புழுவிடம் வருகிறது. அம்முட்டைகளிலிருந்து புழுக்களே வரும், நீயும் ஒருநாள் வண்ணத்துப்பூச்சியாவாய் என்கிறது வானம்பாடி. புழு நம்ப மறுக்கிறது. முட்டைகள் பொரிந்து புழுக்கள் வெளிவந்த பிறகு, இரண்டாவது செய்தியையும் நம்புகிறது.

மற்றொரு கதை குளத்தில் வாழும் தும்பியின் இளம்புழுக்களைப் பற்றியது. மேலே செல்லும் ஒன்று, திரும்பிவந்து செய்தி சொல்வதாக மற்றவற்றுக்கு வாக்களிக்கிறது. சிறகு முளைத்த பின் அதனால் நீருக்குள் இறங்க முடியவில்லை. இறந்தவர் நம்மை மறந்துவிடவில்லை, அவரால் வர இயலவில்லை என்பதே சிறுவருக்கு இக்கதை தரும் ஆறுதல்.

அறிவியலும் நம்பிக்கையும்

கேட்டி இயற்கையை நேரில் கூர்ந்து கவனித்தவர். பிரிட்டிஷ் கடற்பாசிகள் பற்றிய அவரது நூல் 1863-இல் வெளிவந்தது. எனினும் டார்வினின் பரிணாமக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. 1861-இல் வெளியான மூன்றாம் தொகுதியில், மனிதன் தங்கள் இனத்திலிருந்து தாழ்ந்து வந்தவன் என்று காகங்கள் வாதிடும் கதையை எழுதி அக்கொள்கையைக் கேலி செய்தார்.

மதிப்பீடு

உருமாற்றம் ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நிகழும் வளர்ச்சி. அது மறுமைக்குச் சான்றாகாது. தும்பி முட்டையிட நீர்நிலையைத் தேடி வருவதும் அதன் சுழற்சியின் பகுதியே. கேட்டியின் கதை அச்சுழற்சியில் நீரிலிருந்து மேலெழும் பாதியையே எடுத்துக்கொள்கிறது. ஆயினும், சாவைப் பற்றிய பேச்சைக் குழந்தையிடமிருந்து மறைக்காமல், அதன் கண்முன் உள்ள குளத்தையும் இலையையும் கொண்டு பேசியது இந்நூலின் சிறப்பு.