1925: பொருநைக் கரையில் ஒரு பந்தி

தமிழகப் பொதுவாழ்வின் போக்கைத் திருப்பிய ஆண்டுகளை எண்ணுவோர் 1908-ஐயும் 1937-ஐயும் 1967-ஐயும் தவறாமல் குறிப்பர். 1925 அத்துணை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அவ்வாண்டில் சென்னை மாகாணத்தில் ஆட்சி மாறவில்லை. எனினும் அடுத்த அரை நூற்றாண்டின் தமிழக அரசியலுக்கும் சமூகச் சிந்தனைக்கும் வித்திட்ட ஆண்டு அதுவே எனலாம். அவ்வித்து விழுந்த இடம் சட்டமன்றமோ மாநாட்டுப் பந்தலோ அன்று. அம்பாசமுத்திரத்திற்குக் கிழக்கே, பொருநைக் கரையில், சேரன்மாதேவியில் இருந்த ஒரு பள்ளியின் உணவுக்கூடம்.

குருகுலத்தின் தோற்றம்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881-இல் பிறந்தவர். சட்டம் பயில இலண்டன் சென்று, அங்கே சாவர்க்கரின் தோழராகி, 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். பாரதியாரும் அரவிந்தரும் வாழ்ந்த அந்நகரில் பத்தாண்டுகள் தங்கினார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததும், தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடிகளாகக் கருதப்படும் கதைகளை எழுதியதும் அக்காலத்தில்தான். திரு.வி.க.வுக்குப் பின் 'தேசபக்தன்' ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்; அதன் பொருட்டு 1921-இல் சிறைப்பட்டார். பெல்லாரிச் சிறையில் அவர் எழுதிய கம்பராமாயண ஆய்வு, கம்பனை ஓமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு ஒப்புநோக்குவது. ஆங்கிலத்தில் அமைந்த அந்நூலைத் தில்லித் தமிழ்ச் சங்கம் 1950-இல் வெளியிட்டது.

இத்தகையவர் சிறை மீண்டபின் தேர்ந்த பணி கல்விப் பணி. 1922-இன் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய தமிழ்க் குருகுலம், பின்னர் சேரன்மாதேவிக்கு இடம்பெயர்ந்தது. தாய்மொழிவழிக் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், நாட்டுப்பற்று ஆகிய நான்கும் அதன் தூண்கள். குருகுலத்திலிருந்தே 'பாலபாரதி' என்னும் இதழும் வெளிவந்தது. ஆங்கிலவழிக் கல்வியே கல்வியெனக் கருதப்பட்ட காலத்தில் இம்முயற்சியின் துணிவு எண்ணி வியக்கத்தக்கது.

இதற்கான பொருள் பலரிடமிருந்தும் திரண்டது. செட்டிநாட்டுச் செல்வர்களும் மலேயாவில் வாழ்ந்த தமிழர்களும் நிதி வழங்கினர். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதல் தவணையாக ஐயாயிரம் வழங்கியது. இப்பொருளின் பெரும்பகுதி பிராமணரல்லாதாரிடமிருந்து வந்தது என்பது பின்னர் எழுந்த வழக்கின் அடிப்படை ஆயிற்று.

இரண்டு இலைகள்

குருகுலத்தில் மாணவர் யாவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பதே பொதுமக்களின் எதிர்பார்ப்பு. ஆயின் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. அவர்களுடைய பெற்றோர் அந்நிபந்தனையின் பேரிலேயே பிள்ளைகளைச் சேர்த்தனர் என்பதும், தாம் கொடுத்த வாக்கை மீறலாகாது என்பதும் ஐயர் தரப்பின் விடை. செய்தி வெளிப்பட்டதும் தமிழ்நாடு கொந்தளித்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் இதனை எழுப்பினார். வைக்கத்தில் 1924-இல் இருமுறை சிறைசென்று மீண்டிருந்த ஈ.வெ. இராமசாமியும் அவர் பக்கம் நின்றார். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகக் கேரளத்தில் சிறைசென்றவர், தமிழ்நாட்டுத் தேசியப் பள்ளியின் பந்தியில் பிரிவினையைப் பொறுத்தல் இயலாது.

இரண்டே மாணவர், இரண்டே இலைகள். இதற்கு இத்துணை ஆரவாரம் வேண்டுமா என்று கேட்டோர் அன்றும் இருந்தனர். ஆனால் எண்ணிக்கை இங்கு அளவுகோலன்று. வகுப்பில் நூறு நாள் ஓதிய சமத்துவத்தை, உணவு வேளையில் தனியே இடப்பட்ட ஓர் இலை அழித்துவிடும். தனியே அமர்ந்த சிறுவன் தன்னை உயர்ந்தவனாகக் கற்கிறான். அதைக் கண்டிருந்த சிறுவன் தன்னைத் தாழ்ந்தவனாகக் கற்கிறான். இப்பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்த வேண்டியதில்லை.

1925 மார்ச்சில் காந்தியடிகள் தமிழகம் வந்தபோது வழக்கு அவர் முன் சென்றது. ஏற்கெனவே வாக்களிக்கப்பட்ட இருவரைப் பொறுத்தமட்டில் அவ்வேற்பாடு தொடரலாம். இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்த்தலாகாது என்பது அவருடைய கருத்து. வாக்கு, கொள்கை ஆகிய இரண்டையும் காக்க முயன்ற இவ்விடை இரு தரப்பையும் அமைதியுறச் செய்யவில்லை.

திருச்சியில் எடுத்த முடிவு

ஏப்ரல் இறுதியில் திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு காங்கிரஸ் குழு கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்நிறுவனமும் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொணர்ந்தார், அது பெரும்பான்மையால் நிறைவேறியது. இதனைக் கட்டளையாக விதித்தலை இராஜாஜி ஏற்கவில்லை. அவரும் டாக்டர் தி.சே.சௌ. இராஜன், கே. சந்தானம் முதலியோரும் குழுவிலிருந்து விலகினர். அம்மாதத்திலேயே ஐயரும் குருகுலத் தலைமையைத் துறந்தார்.

சிறையும் கதரும் பகிர்ந்துகொண்ட நண்பர்கள் உணவுப் பந்தியின் பொருட்டுப் பிரிந்தனர். மே 2-ஆம் நாள் ஈரோட்டில் 'குடி அரசு' வார இதழ் தோன்றியது. திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள் அதன் அலுவலகத்தைத் திறந்துவைத்தார்.

கல்யாண தீர்த்தம்

அடுத்து நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவர்களோடும் தம் மகள் சுபத்திரையோடும் பாபநாசம் சென்றார். அகத்தியர் அருவிக்கு மேலே உள்ள கல்யாண தீர்த்தத்தில் சுபத்திரை நீர்ச்சுழலில் அகப்பட்டாள். மகளைக் காக்கக் குதித்த தந்தையும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

தமிழ் முனிவன் பெயர் வழங்கும் மலையடியில், தமிழ்க் கல்விக்கென வாழ்வை ஒப்படைத்தவர் மறைந்தார். வழக்கு முடிந்தபாடில்லை, விடை கூற வேண்டியவரோ இல்லை. தம் தரப்பைப் பின்னாளில் மறுபரிசீலனை செய்யவோ மேலும் விளக்கவோ அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அவரைப் பற்றிய தீர்ப்புகள் யாவும் இந்த முற்றுப்பெறாமையை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். அடுத்த மாதம், ஜூலை 23-இல், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவும் காலமானார். தீவிர தேசியத்தின் முதல் தலைமுறை அவ்வாண்டில் மெலிந்தது.

காஞ்சிபுரம்

நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரசின் மாகாண மாநாடு திரு.வி.க. தலைமையில் கூடியது. பிரதிநிதித்துவ அமைப்புகளில் வகுப்புவாரி இடம் வேண்டும் என்னும் ஈ.வெ.ரா.வின் தீர்மானத்தைத் தலைவர் அனுமதிக்கவில்லை. ஈ.வெ.ரா. மாநாட்டை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் அதன்பின் வலுப்பெற்ற வரலாறு அனைவரும் அறிந்தது. சேரன்மாதேவிப் பந்தியில் எழுந்த வினாவே காஞ்சிப் பந்தலில் உரு மாறி நின்றது என்பது நுணுகி நோக்குவார்க்குப் புலப்படும். உணவில் சமம் இல்லையேல், பதவியில் சமம் வருமா என்பதே அவ்வினா. அந்த நவம்பரிலேயே வைக்கம் சத்தியாக்கிரகமும் நிறைவுற்றது.

ஆண்டு உணர்த்துவது

ஐயரைச் சாதி வெறியர் என ஒதுக்குதல் எளிது; அவரைக் குறைகூறியோரை வகுப்புவாதிகள் எனத் தள்ளுதலும் எளிது. இவ்விரண்டு எளிய வழிகளும் வரலாற்றுக்கு உதவா. கம்பனில் தோய்ந்தவர் ஐயர். வேடுவனாகிய குகனை இராமன் தம்பியாக ஏற்கும் இடத்தின் சுவையை அவர் அறியாதவரல்லர். தனிமனிதராக அவர் விரிந்த உள்ளம் உடையவராகவே விளங்கினார். ஆயினும் நூலில் கண்ட சமத்துவத்தை நிறுவனத்தின் விதியாக்கும் வேளையில், இரு பெற்றோருக்குத் தந்த வாக்கு ஊரார் அனைவருக்கும் தந்த வாக்கினும் கனமாகிவிட்டது. பொதுப்பொருளால் நடக்கும் அமைப்பு, பொருள் ஈந்த எளியவனின் மகனுக்கும் அதே பந்தியில் இலை போடக் கடமைப்பட்டது. அக்கடமையில் விதிவிலக்கு நுழைந்த நாளிலேயே குருகுலத்தின் அடித்தளம் விரிசல் கண்டது.

இழப்பும் சிறிதன்று. தாய்மொழிவழிக் கல்வியின் அரிய சோதனை ஒன்று, தன் முழுப்பயனைக் காட்டுமுன் நிறுவனரை இழந்தது. அவர் தலைமையில் குருகுலம் நடந்தது மூன்றாண்டுகூட நிரம்பாத காலமே. தமிழ், தேசியம், சமத்துவம் என்னும் மூன்றும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்திருக்கக் கூடிய வாய்ப்பு கைநழுவியது. மூன்றும் மூன்று முகாம்களாயின. அப்பிளவின் தழும்பைத் தமிழக அரசியல் நெடுங்காலம் சுமந்தது.

மொழியால் ஒன்றுகூடும் அமைப்புகளுக்கு இவ்வாண்டு விட்டுச்சென்ற பாடம் உண்டு. தமிழ் அனைவர்க்கும் பொது என்று மேடையில் முழங்குதல் போதாது. மேடையினின்று இறங்கியபின் எவர் எங்கே அமர்ந்து உண்கிறார் என்பதே அம்முழக்கத்தின் உரைகல். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்று, தன் கவியரங்கப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் அதே வேளையில், தன் பந்தியையும் ஒருமுறை நோக்குவது நலம். சேரன்மாதேவியில் தவறியது கவிதை அன்று, பந்தி.