குண்டு விழாத ஊரின் போர்க்காலக் குழந்தைகள்

ராஜபாளையத்தில் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து மாதம் ஒரு படம் பார்த்துப் பேசி வருகிறோம். சென்ற முறை 'ஹோப் அண்ட் குளோரி' பார்த்தோம். ஜான் பூர்மன் தன் சொந்தக் குழந்தைப் பருவத்தை வைத்து 1987இல் எடுத்த படம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து லண்டன் புறநகர். அப்பா பட்டாளத்துக்குப் போய்விடுகிறார். சிறுவன் பில்லிக்கு இடிந்த வீடுகள்தான் விளையாட்டுத் திடல். பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்ததும் பிள்ளைகள் ஹிட்லருக்கு நன்றி சொல்லிக் குதிக்கிறார்கள்.

படம் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் கேட்டார்: "அதே நேரத்துல நம்ம சேரிப் பிள்ளைங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" எங்களிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

முதலில் பில்லியின் நாட்டைப் பார்ப்போம். அங்கே போர் தொடங்கியதும் உணவுப் பங்கீடு வந்தது. குழந்தைகளுக்கு மலிவு விலையிலோ இலவசமாகவோ பால், ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய் கொடுத்தது அரசு. போர்க்காலத்திலும் பிள்ளைகள் நோஞ்சானாகக் கூடாது என்று ஒரு அரசு முடிவெடுத்தால் எதுவும் முடியும் என்பதற்கு அது சாட்சி.

இங்கேயும் ஆண்டது அதே அரசுதான். 1939 செப்டம்பரில் இந்தியாவும் போரில் இருப்பதாக யாரையும் கேட்காமல் வைஸ்ராய் அறிவித்தார். 25 லட்சம் இந்தியர்கள் படைக்குப் போனார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. பர்மாவில் வேலை செய்த லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். அதில் அதிகம் செத்தது நிலமற்ற கூலிகள். சத்யஜித் ராயின் 'அஷானி சங்கேத்' (1973) அந்தப் பஞ்சத்தைப் பற்றியது. அதில் பட்டினியால் செத்து விழும் பெண் தீண்டாமைக்கு உள்ளான சாதியைச் சேர்ந்தவர் என்பது தற்செயல் அல்ல.

நம் ஊருக்கு வருவோம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1936இல் ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கப்பட்டிருந்தது. போரில் நாடெங்கும் ஆலைகள் ராணுவத் தேவைக்காக ஓடின. துணி விலை எகிறியது. 1943இல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. பஞ்சும் நூலும் நிறைந்த வட்டாரத்தில் கூலிக்காரர் பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே தொண்ணூறைத் தாண்டிய பாட்டி ஒருவரிடம் கேட்டோம். தம்பிக்கு ஐந்து வயது வரை உடுப்பே கிடையாது என்றார். அளந்த தானியத்தைக் கடைக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து அம்மாவின் முந்தானையில் கொட்டியதும் நினைவிருக்கிறது. சண்டைக் காலத்தில் பட்டினி கிடந்தீர்களா என்று கேட்டபோது சிரித்தார். "சண்டை வந்துதான் பட்டினி கெடந்தோமாக்கும்? அதுக்கு முன்னாலயும் அதே கூழுதான்யா, அதே அரை வயிறுதான்."

அந்தப் பதிலில் ஒரு சமூகவியல் பாடம் இருக்கிறது. பில்லியின் கதையில் போருக்கு முன் ஓர் இயல்பு வாழ்க்கை இருந்தது. போர் அதைக் குலைத்ததால்தான் அது நினைவில் நிற்கும் கதையாயிற்று. சேரிக் குழந்தைக்கு அந்த 'முன்'னும் பற்றாக்குறைதான். பொதுக் கிணறு, பொதுச் சாலைத் தடைகளை நீக்க எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டம் 1938இலேயே நிறைவேறியது. கிணற்றடி அதற்காக மாறிவிடவில்லை. பங்கீடு வரிசையில் நின்ற அம்மாவும் அந்தக் கிணற்றடியிலிருந்து வந்தவர்தான்.

இதே போர்க்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானார். அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். 1943இல் மத்திய அரசுப் பணியில் 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. போர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று சொல்வது அந்த உதவித்தொகையைத்தான்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு அந்தப் பணம் வராததால் படிப்பை விடப் பார்த்தார். நண்பர்கள் கட்டணத்தைத் திரட்டினோம். குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்க முடிந்ததை, அமைதிக் காலத்தில் நேரத்துக்குக் கொடுக்க முடியாது என்று யார் சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

தோழர்களே, 1942இல் எட்டு வயதில் இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. பில்லிக்குப் படம் இருக்கிறது. நம் பாட்டிகளுக்கு நம் கையிலிருக்கும் செல்பேசிதான் இருக்கிறது. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: அப்போது என்ன சாப்பிட்டீர்கள், என்ன உடுத்தினீர்கள், வீட்டில் யார் பட்டாளத்துக்கோ பர்மாவுக்கோ போனார்கள், பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார்ந்தீர்கள்? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். அனுமதி இல்லாமல் பெயரை வெளியிடாதீர்கள். அந்த மாணவியின் கேள்விக்கு எங்களிடம் இருப்பது இதுவரை ஒரே ஒரு பாட்டியின் பதில். மிச்சத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

ஜெய் பீம்!