மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் தொடங்கிய யூன் 14

யூன் 14 அன்று சுவிஸ் நகரங்களில் ஊதா நிறக் கொடிகளோடு பெண்கள் ஊர்வலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திகதிக்குப் பின்னால் ஒரு சம்பளக் கணக்கு இருக்கிறது.

இந்த நாட்டுப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்ததே 1971-ல்தான். (இலங்கையில் பெண்களுக்கு அது 1931-லேயே கிடைத்துவிட்டது. வகுப்பில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்பமாட்டார்கள்.) 1981 யூன் 14 அன்று நடந்த வாக்கெடுப்பில், சம பெறுமதியான வேலைக்குச் சம சம்பளம் என்பது அரசியலமைப்பில் ஏறியது. சம்பளச் சீட்டில் ஏறவில்லை.

பத்து வருடம் ஆகப் போகிறது, ஒன்றும் மாறவில்லையே என்று முதலில் கொதித்தவர்கள் ஜூரா மலைப்பக்கம், ஜூ பள்ளத்தாக்கில் மணிக்கூடு செய்த பெண்கள். அவர்களோடு நின்றவர் தொழிற்சங்கக்காரி லிலியான் வால்செஸ்கினி. வேலைநிறுத்தம் செய்வோம் என்ற அவர்களின் யோசனையை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் கிறிஸ்டியான் புரூனர். 1937-ல் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் செய்த சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு, மணிக்கூட்டுத் தொழிலில் வேலைநிறுத்தம் என்ற சொல்லே கெட்ட சொல் மாதிரி. ஆனாலும் 1991 யூன் 14 அன்று சுமார் ஐந்து லட்சம் பெண்கள் இறங்கினார்கள். வேலையை விட முடியாதவர்கள் மதிய இடைவேளையை நீட்டினார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஜன்னலில் தும்புத்தடியைத் தொங்கவிட்டார்கள்.

அதன் பிறகுதான் 1996-ல் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்பளத்தில் பாகுபாடு இருக்கலாம் என்று நம்பும்படி காட்டினால் போதும், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. நல்ல சட்டம்தான். ஆனால் வழக்குப் போடவேண்டியவர் அந்தப் பெண். பக்கத்தில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்பதே மரியாதையில்லை என்று நினைக்கும் நாட்டில் அவர் எதை வைத்துக் காட்டுவார்?

2019-ல் மறுபடியும் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 2020-ல் சராசரிச் சம்பள இடைவெளி 18 சதவீதம். அதில் ஏறக்குறைய பாதியைப் படிப்பு, பதவி, துறை போன்ற காரணங்களால் விளக்க முடியவில்லை. மற்றப் பாதி 'விளக்கக்கூடியது' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பெண்கள் நிறைந்த துறைகளில் சம்பளம் குறைவு என்பதும் அதற்குள்தான் அடங்குகிறது. துப்புரவு, முதியோர் பராமரிப்பு என்று எங்கள் அம்மாமார் பலர் செய்யும் வேலைகள் அவை.

2020 யூலையிலிருந்து 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் சம்பளங்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் தண்டப்பணம் கிடையாது. அப்படிப்பட்ட நிறுவனங்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. என் அம்மா விடிய ஐந்து மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போன இடத்தில் இருபது பேர்தான்.

இந்த விதியும் 2032-ல் தானாகவே காலாவதியாகிவிடும்.