மண்மேல் ஒளிரும் விண்மீன்கள்
(ஜப்பானியப் பாடகி மியுக்கி நாகாஜிமாவின் கலைவாழ்வு)

பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது? பாடுபவர் தம் உள்ளத்து உணர்ச்சிகளை வெளியிடுவதற்காகவா, கேட்பவர் தம் துயரை ஆற்றிக்கொள்வதற்காகவா? இலக்கியம் பயில்வோர் நெடுங்காலமாக எண்ணிவரும் இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் பணியாலேயே விடை தந்தவர்களுள் ஜப்பானிய நாட்டு மியுக்கி நாகாஜிமாவும் ஒருவர். பாடலைத் தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பாடும் கலைஞர் அவர். 1975ஆம் ஆண்டில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அவர், 2024ஆம் ஆண்டிலும் இசையரங்குகளை நடத்தினார். அரை நூற்றாண்டு அளவினதாகிய அப்பணியின் வரலாற்றில், பெயர் அறியப்படாத எளிய மக்களின் குரல் பாட்டாக மலர்ந்த வரலாறும் அடங்கியுள்ளது.

வடபுலத்து இளமை

ஜப்பானின் வடகோடியிலுள்ள பெருந்தீவு ஒக்கைடோ. அதன் தலைநகராகிய சப்போரோவில் 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் மியுக்கி பிறந்தார். அவருடைய தந்தையார் மகப்பேற்று மருத்துவர். கடற்கரை ஊராகிய இவானாயிலும், பின்னர் ஓபிஹிரோ நகரிலும் மியுக்கியின் இளமை கழிந்தது. உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில், பள்ளிக் கலைவிழாவில் தாம் இயற்றிய பாடலொன்றைப் பாடியதே அவர் ஏறிய முதல் மேடை. அதன்பின் சப்போரோவிலுள்ள ஃபுஜி மகளிர் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் பயின்று, 1974ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

அக்காலத்து ஜப்பானிய இசையுலகில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னர், பாடல் எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் மற்றொருவர், பாடுபவர் வேறொருவர் என்பதே இசைத்தட்டு நிறுவனங்களின் வழக்கம். 1960களின் பிற்பகுதியில் கித்தாரைக் கையிலேந்திய மாணவர்கள், தங்கள் எண்ணங்களைத் தாங்களே எழுதிப் பாடத் தலைப்பட்டனர். அவ்வலையில் தோன்றியவர்களுள் மியுக்கியும் ஒருவர்.

கவிதை எழுப்பிய வினா

1972ஆம் ஆண்டில், நாடளாவிய நாட்டார்பாணி இசைப்போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றுக்கு மியுக்கி தகுதி பெற்றார். புகழ்பெற்ற கவிஞர் சுன்தாரோ தனிகாவாவின் கவிதை ஒன்றற்கு இசையமைக்க வேண்டும் என்பது ஆங்கே தரப்பட்ட பணிகளுள் ஒன்று. ‘நான் பாடுவதற்கான காரணம்’ என்பது அக்கவிதையின் தலைப்பு. அதனைப் படித்த இருபது வயது மாணவியின் உள்ளம் அதிர்ந்தது. பாடுவதற்குத் தமக்கு உண்மையில் என்ன காரணம் உண்டு என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. போட்டியில் பரிசு பெற்றும், தொழில்முறைப் பாடகியாகும் எண்ணத்தை அப்போது அவர் ஒத்திவைத்தார்.

வாயில் திறந்திருக்கும் வேளையில் உள்ளே நுழையாது நிற்பதற்குத் துணிவு வேண்டும். விடை தெரியாத நிலையில் மேடையேற அவர் விரும்பவில்லை. ஊர் திரும்பிப் படிப்பை முடித்தார், சிறு அரங்குகளில் பாடினார், தொடர்ந்து எழுதினார். இவ்வாறு கழிந்த மூன்று ஆண்டுகளே அவர்தம் கலைக்கு அடித்தளம் ஆயின எனலாம்.

‘காலம்’ என்னும் பாடல்

1975ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. யமாஹா நிறுவனம் நடத்திய பாடற்போட்டியில் மே மாதத்தில் பரிசு பெற்றார். செப்டம்பர் மாதத்தில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் ‘ஜிடாய்’ என்னும் பாடலை அவர் அரங்கேற்றினார். ‘காலம்’ என்பது அச்சொல்லின் பொருள். இன்று தாங்கவியலாததாகத் தோன்றும் துயரமும் ஒருநாள் கடந்துபோகும், காலம் சுழலும், வீழ்ந்தவர் மீண்டும் எழுந்து நடப்பர் என்பது அதன் கருத்து. நவம்பர் 16ஆம் நாள் தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் நடைபெற்ற உலகப் பாடல் விழாவில் அப்பாடலுக்குத் தலைமைப் பரிசு கிடைத்தது.

அவ்வேளையில் அவருடைய தந்தையார் கடும் நோயுற்றுக் கிடந்தார். 1976 ஜனவரியில் அவர் மறைந்தார். ஆறுதல் கூறும் பாடலால் நாடறிந்த இளம்பெண்ணுக்கே அவ்வாறுதல் உடனடியாகத் தேவைப்பட்டது. பள்ளிப் பாடகர் குழுக்களும் பிற பாடகர்களும் அப்பாடலைப் பின்னர் விரும்பிப் பாடலாயினர்.

1976 ஏப்ரலில் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. ‘என் குரல் கேட்கிறதா?’ என்பது அதன் தலைப்பு. 1977இல் வெளிவந்த ‘பிரிவுப் பாடல்’ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1981இல் வெளிவந்த ‘அகுஜோ’ என்னும் பாடலும் அவ்விடத்தை எட்டியது. காதலில் தோற்ற பெண்ணின் கதையை நுட்பமாகச் சொல்லும் பாடகி என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. தொலைக்காட்சியில் தோன்றிப் பாடுவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தமையால், அவரைப் பற்றிய ஆவல் மேலும் வளர்ந்தது.

நள்ளிரவில் வந்த மடல்கள்

1979 ஏப்ரல் முதல் 1987 மார்ச் வரை, நள்ளிரவு கடந்த வேளையில் ஒலித்த வானொலி நிகழ்ச்சி ஒன்றை மியுக்கி நடத்தினார். சோகப் பாடல்களுக்கு உரியவர் வானொலியில் கலகலவென்று சிரித்துப் பேசியது கேட்போருக்குப் பெருவியப்பாக இருந்தது. நேயர்களின் அஞ்சலட்டைகளை அவர் நகைச்சுவையோடு படிப்பார். நிகழ்ச்சியின் இறுதி அட்டையை மட்டும் குரல் தாழ்த்தி, உள்ளம் கனியப் படிப்பார். தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், இரவுப் பணி செய்யும் தொழிலாளரும் அக்குரலைத் துணையாகக் கொண்டனர்.

இடைநிலைப் பள்ளியோடு கல்வி நின்றுபோன இளம்பெண் ஒருத்தி, அதன் காரணமாகப் பணியிடத்தில் தான் இழிவாகக் கருதப்பட்டதை ஒரு மடலில் எழுதியிருந்தாள். அம்மடல் உள்ளத்தில் தைத்ததன் விளைவே ‘ஃபைட்டோ’ என்னும் பாடல். ‘போராடு’ என்பது அதன் பொருள். 1983இல் வெளிவந்த இசைத்தொகுப்பு ஒன்றில் அது இடம்பெற்றது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் சிறு மீன்களை அப்பாடல் காட்டுகிறது. போராடுபவரைப் போராடாதவர் எள்ளி நகைக்கும் உலகியல்பையும் எடுத்துரைக்கிறது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1994இல் மற்றொரு பாடலோடு தனி இசைத்தட்டாக வெளிவந்தபோது, அது பத்து லட்சத்திற்கு மேல் விற்பனையாயிற்று. 1972இல் எழுந்த வினாவுக்குரிய விடையை அந்த எளிய பெண்ணின் மடல் கொண்டுவந்தது என்று கூறுவது மிகையாகாது.

130 வாரம் காத்திருந்த பாட்டு

2000ஆம் ஆண்டு மார்ச்சில், ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. ஓர் ஆவணத் தொடரைத் தொடங்கியது. போருக்குப் பிந்திய ஜப்பானை உருவாக்கிய பொறியாளர், தொழிலாளர் ஆகியோரின் அறியப்படாத உழைப்பை அது சித்திரித்தது. அதன் முகப்புப் பாடலை எழுதிப் பாடியவர் மியுக்கி. ‘சிஜோ நோ ஹோஷி’, அதாவது ‘மண்மேல் உள்ள விண்மீன்கள்’ என்பது பாடலின் பெயர். எல்லாரும் வானத்தையே அண்ணாந்து பார்க்கின்றனர். மண்ணில் ஒளிரும் மீன்களை நினைப்பார் இல்லை என்பது அதன் உட்கருத்து.

அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்த இசைத்தட்டு, விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு உடனே ஏறவில்லை. பட்டியலை விட்டு நீங்கவும் இல்லை. 2002ஆம் ஆண்டின் கடைசி இரவில், நாடு முழுவதும் காணும் புத்தாண்டு இசைவிழாவில் மியுக்கி முதன்முறையாகப் பங்கேற்றார். ஒளிமிக்க அரங்கில் அவர் பாடவில்லை. தொயாமா மாநிலத்து மலைகளுக்கிடையே, குரோபே நீர்மின் திட்டத்தின் சுரங்கப்பாதையில் கடுங்குளிரில் நின்று பாடினார். 186 மீட்டர் உயரமுடைய குரோபே அணை, 1956 முதல் 1963 வரை கட்டப்பட்டது. அத்திட்டப் பணியில் 171 பேர் உயிர் துறந்தனர். மண்ணில் மறைந்த விண்மீன்களைப் பாடுதற்கு அதனினும் தக்க இடம் வேறில்லை. அடுத்த மாதமே, வெளிவந்த 130ஆம் வாரத்தில், அப்பாடல் முதலிடம் பெற்றது. முதல் 100 இடங்களுள் அது தொடர்ந்து 174 வாரங்கள் நிலைத்து நின்றது. இவ்வாறு 1970கள், 80கள், 90கள், 2000கள் என நான்கு பத்தாண்டுகளிலும் முதலிடம் பெற்ற பெருமை அவருக்கு வாய்த்தது.

எல்லை கடந்த இசை

ஜப்பானிய மொழி அறியாதவரும் மியுக்கியின் இசையைக் கேட்டிருக்கக்கூடும். அவருடைய மெட்டு ஒன்றைத் தெரேசா தெங் 1983இல் கண்டோனியத்தில் பாடினார். 1970களில் மற்றொரு பாடகிக்காக மியுக்கி எழுதிய ‘ரூஜ்’ என்னும் பாடலை, 1992இல் ஃபே வோங் அம்மொழியிலேயே பாடிப் புகழ்பெற்றார். இவ்விருவர் குரலால் அம்மெட்டுகள் சிங்கப்பூர், மலேசியச் சீனர் இல்லங்களுக்கும் அறிமுகமாயின. அவற்றை முணுமுணுத்தோர் பலர், அவை ஒக்கைடோப் பெண்ணின் படைப்பு என அறியார்.

சொல்லுக்குச் செய்த தொண்டு

1989 முதல், தோக்கியோவின் சிபுயா பகுதியிலுள்ள அரங்கில் ‘யக்காய்’ என்னும் இசைநாடக நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். கதை, பாடல், இசை, இயக்கம், நடிப்பு ஆகிய ஐந்தும் அவருடையனவே. 2019 வரை அத்தொடரில் 20 படைப்புகள் அரங்கேறின. 1990களின் பிற்பகுதியில், ஜப்பானிய மொழி குறித்து அரசுக்கு அறிவுரை கூறும் தேசிய மொழி மன்றத்திலும் அவர் உறுப்பினராக அமர்ந்தார். பாட்டு எழுதும் ஒருவரை மொழியறிஞர்களோடு சமமாக அமர்த்திய செயல், மொழி ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2009இல் ஊதா நாடாப் பதக்கம் அளித்து ஜப்பானிய அரசு அவரைச் சிறப்பித்தது.

1992இல் அவர் எழுதிய ‘இத்தோ’ என்னும் பாடலின் பெயருக்கு ‘நூலிழை’ என்று பொருள். நெடுக்கிழையும் குறுக்கிழையும் சேர்ந்து துணியாகி, எவரோ ஒருவரின் குளிரைப் போக்கும் என்பது அதன் கருத்து. மியுக்கியின் கலைக்கும் அவ்வுவமை பொருந்தும். அவருடைய சொல் நெடுக்கிழை. முகம் தெரியாத எளியோரின் துயரம் குறுக்கிழை. அவ்விரண்டும் கூடி நெய்யப்பட்ட துணி, அரை நூற்றாண்டாகப் பலருக்குக் குளிர் போக்கி வருகிறது. எழுதத் தொடங்கும் மாணவர், எவ்வாறு எழுதுவது என்று கேட்பதற்கு முன்னர், எதற்காக எழுதுகிறோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராயின், மியுக்கி மூன்றாண்டுகள் காத்திருந்ததன் பொருள் அவருக்கு விளங்கும்.