பேர் விழாத நாட்கள்

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளியிலும், ஊவாவின் ஏனைய தோட்டங்களிலும் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். காய்ச்சலோடு லயத்தில் கிடந்தால் பேரே இல்லை. நோயுற்ற நாளின் உணவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இந்த ஒரு சொல் நம் முன் வைக்கிறது.

கோப்பிக் காலத்தில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1872இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் சில கடமைகளைத் துரைமார் மீது சுமத்தியது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்க வேண்டும். நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தர வேண்டும். இவை பயனற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அவை நோயாளியின் உடலைக் கண்டனவேயன்றி, அவனுடைய அடுப்பைக் காணவில்லை.

அந்த அடுப்பைக் காண்பது அக்காலத்தில் அறியப்படாத புதுமையன்று. 1883இலேயே ஜெர்மனி, நோயுற்ற தொழிலாளிக்குப் பாதிக் கூலியைப் பதின்மூன்று வாரம் வரை வழங்கும் காப்புறுதியைச் சட்டமாக்கியிருந்தது. இலங்கையிலும் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், வேலை செய்யாத நாட்களுக்கும் தாய்க்குப் பணம் உண்டு என்ற நெறியை ஏற்றுக்கொண்டது. பேறுகாலத்துக்குப் பொருந்திய நியாயம் காய்ச்சலுக்கு ஏன் பொருந்தவில்லை?

விடையின் ஒரு பகுதி அரசியலில் உள்ளது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோட்ட மக்களில் பெரும்பாலோர் வாக்குரிமையையும் இழந்தனர். 1954இல் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இயற்றப்பட்டபோது, சுகவீனம் முதலிய காரணங்களுக்காக ஆண்டுக்கு ஏழு நாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது. மலையில் கூடை சுமந்தவளுக்காக வாதாட அந்தச் சபையில் அவள் வாக்களித்து அனுப்பிய ஒருவர்கூட இல்லை. அதே காலத்தில் இந்தியா, 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், மருத்துவச் சான்றின் பேரில் நோய்க்கால உதவித்தொகை பெறும் உரிமையை எழுதியது. தேயிலை ஒன்றே, தொழிலும் ஒன்றே, கடல்தான் இடையில்.

பின்னர் வாக்குரிமை மீண்டது. பேரின் கணக்கு மாறவில்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வருகைக் கொடுப்பனவு 140 ரூபா. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்தவருக்கே அக்கொடுப்பனவு. ஆகவே பல நாள் படுத்தவள் அந்த நாட்களின் கூலியை இழந்தாள். உழைத்த நாட்களின் கூலியிலும் ஒரு பங்கை இழந்தாள். நோய்க்கு அபராதம் விதிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. நோய்நாளின் கூலி அதிலும் இடம்பெறவில்லை.

காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு மலையேறுபவளைப் பொறுமைசாலி என்று புகழ்வது நமக்கு எளிது. அவளுக்கு வேண்டியது புகழன்று. மருத்துவர் கையொப்பமிட்ட நாளில் செக்ரோலில் அவளுடைய பேர் விழ வேண்டும். அது கருணையாக அல்லாமல் சட்டமாக விழ வேண்டும்.