நறுமணமும் தோல் ஒவ்வாமையும்

'ஆல்கஹால் இல்லாதது', 'இயற்கையானது' என்று எழுதியிருந்தால் அந்த அத்தரும் கிரீமும் தோலுக்குத் தீங்கு செய்யாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் ஆல்கஹால் வேறு, ஒவ்வாமை வேறு. அசல் ரோஜா எண்ணெயிலேயே ஜெரானியால், சிட்ரோனெல்லால் ஆகியவை இயற்கையாக உள்ளன. இவை சிலருக்கு அரிப்பு, தடிப்பு, கொப்புளத்தை உண்டாக்கும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு இத்தகைய 26 பொருட்கள், பூசும் கிரீமில் 0.001 சதவீதத்தையும் கழுவிவிடும் சோப்பில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால், அவற்றின் பெயரை லேபிளில் அச்சிட வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் இப்பட்டியலை 80க்கும் மேலாக விரிவாக்கியது. பலருக்கு ஒவ்வாமை தந்த லைரல் என்ற வாசனைப் பொருள் கலந்தவற்றை 2021 ஆகஸ்ட் முதல் அங்கு விற்க முடியாது.

லினலூல், லிமோனின் ஆகியவை காற்றுப்பட்டுப் பழையதானால் ஒவ்வாமைத் தன்மை கூடும். எனவே பாட்டிலை இறுக மூடிவைப்போம், நாள்பட்டதை ஒதுக்கிவிடுவோம். அரிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பொருளோடு தோல் மருத்துவரைப் பார்ப்போம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை 'பேட்ச் டெஸ்ட்' மூலம் கண்டறியலாம். அதன்பின் வாங்கும்போதெல்லாம் லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.