மண்ணீரல் வீக்கத்தின் மறைவில்: ஹேரி செல் லுகேமியா

வீங்கிய மண்ணீரல், இரத்த அணுக்குறைவு, விடாத காய்ச்சல் ஆகியவற்றுடன் வருபவரிடம் சித்தூரிலும் திருப்பதியிலும் மலேரியாவையோ காசநோயையோ ஈரல் நோயையோ முதலில் ஐயுறுவது முறையே. மெல்ல வளரும் அரிய இரத்தப் புற்றுநோயான ஹேரி செல் லுகேமியா அந்த ஐயத்தின் பின்னே நெடுநாள் மறைந்திருக்கக்கூடும். நுண்ணிழைகள் பிணித்திருப்பதால் ஊசியால் உறிஞ்சினாலும் மஜ்ஜை பெரும்பாலும் வருவதில்லை. திசுத்துண்டு எடுத்தே காண வேண்டும். மோனோசைட்டுகள் அருகிப்போவது நல்ல தடயம். ஆனால் தானியங்கிக் கருவி மயிரணுக்களையே மோனோசைட்டுகளாக எண்ணி அத்தடயத்தை அழித்துவிடுவதும் உண்டு. கண்ணாடித் தகட்டைக் கண்ணால் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே இன்னும் மதிப்பிழக்கவில்லை.

பெரு நாட்டில் பிறந்த பெர்த்தா பௌரோன்க்ளே 1958இல் ஒஹையோவில் 26 நோயாளிகளை ஆராய்ந்து இதனைத் தனிநோயாக நிறுவினார். 'மயிரணு' என்னும் பெயர் 1966இல் ஷ்ரெக், டானலி ஆகியோரால் வந்தது. அன்றைய முதன்மைச் சிகிச்சை மண்ணீரலை அகற்றுவதே. அணுக்களின் எண்ணிக்கை உயரும். மஜ்ஜையில் நோய் எஞ்சும். 1984இல் இன்டர்ஃபெரான் வந்தது. 1990இல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தார், ஏழு நாள் கிளாட்ரிபின் ஒருமுறை செலுத்தப்பெற்ற 12 பேரில் 11 பேருக்கு நோய் முற்றும் தணிந்ததென அறிவித்தனர். புற்றுநோய் மருத்துவத்தில் இத்தகைய விளைவு அரிது.

அமெரிக்காவில் அம்மருந்து ஒப்புதல் பெற்ற 1993ஆம் ஆண்டிலேயே திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனமும் இயங்கத் தொடங்கியது. எனினும் மருந்து மட்டும் போதாது. கிளாட்ரிபின் நோயெதிர்ப்பு அணுக்களை மாதக்கணக்கில் ஒடுக்கும். காசநோய் மலிந்த நாட்டில் மறைந்திருக்கும் தொற்றைத் தேடி அடக்கிய பின்னரே அதனைத் தொடங்குவது தகும். மெல்ல வளரும் நோயாதலால், அதற்கான அவகாசம் பெரும்பாலும் கிடைக்கிறது.